மணிக்குத் தெரியாத காதுகள்

அண்ணியும் சின்னவனும் போய்ச் சேர்ந்தபோது முதலாளி தன் அறைக்கு வெளியே, நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு மேல் ஒரு போர்வை. உதடு வெளிறிப்போயிருந்தது. கண்ணில் மட்டும் தணல்.

"உள்ள உட்காரலாமே சார்" என்றான் சின்னவன்.

"உள்ள போனா கதவு சாத்திக்குது."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார். அண்ணன் லேட்டா வந்தா தானா சாத்திக்கும்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். சின்னவன் வாயை மூடிக்கொண்டான். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். பார்த்த வேலையிலெல்லாம் வாயால் கெட்ட கொழுந்தனைத் துணைக்கு வைத்துக்கொண்டபோது சொந்தபந்தம் சிரித்தது. "அவன் பேசிட்டே இருப்பான், எதிராளி அவனைப் பாத்துட்டு இருப்பான், நான் எதிராளியைப் பாத்துக்குவேன்" என்று அண்ணி சொல்லிவிட்டாள். அது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது.

முதலாளியின் கம்பெனி கிடங்குகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறது. கதவு, விளக்கு, குளிர்சாதனம், அபாய மணி எல்லாம் அந்த மென்பொருள் சொன்னபடி ஆடும். இந்த வாரம் அது முதலாளியை ஆட்டிவைத்தது. திங்கட்கிழமை அவர் அட்டையைத் தேய்த்து அறைக்குள் நுழைந்ததும் விளக்கு அணைந்தது. நேற்று விளக்கும் அணைந்தது, கதவும் பூட்டிக்கொண்டது. இன்று காலை விளக்கு, கதவு, அதற்கு மேல் ஏசி பனிக்கட்டியாகக் காற்றைக் கக்கியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு எல்லாம் தானாகவே சரியானது.

"சாயங்காலம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்துலேருந்து எங்க மென்பொருளை வாங்குறவங்க வர்றாங்க. கீழ இருக்கற குளிர் அறைக்குள்ள நானே போய் நின்னு காட்டப் போறேன்" என்றார் முதலாளி. "அதுக்குள்ள எவன்னு சொல்லுங்க மேடம். போலீஸ் எல்லாம் வேண்டாம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அவன் ஜென்மத்துக்கும் ஒரு கீபோர்டைத் தொடக்கூடாது."

"சாயங்காலக் கூத்தைத் தள்ளி வெச்சா?"

"பயந்துட்டேன்னு அர்த்தம் ஆயிடும்."

பையிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். "இது தலைமை அட்டை. எந்தக் கதவும் திறக்கும். கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒண்ணே ஒண்ணுதான். இன்னொண்ணு செய்யவே முடியாதபடி புரோகிராம் எழுதியிருக்கு. தூங்கும்போதுகூட என் தலையணைக்கு அடியிலதான் இருக்கும். இன்னைக்குத்தான் முதல் தடவையா இன்னொருத்தர் கைக்குப் போகுது."

"சாமி நகை மாதிரி வெச்சிருக்கீங்க" என்றான் சின்னவன்.

"அதைவிட பத்திரமா" என்றார் முதலாளி. பெருமை குரலிலேயே தெரிந்தது.

தலைமைப் புரோகிராமரை ஆபீஸே மீசை என்றுதான் கூப்பிட்டது. பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. அந்த மீசை இப்போது தொங்கிப்போயிருந்தது.

"கதவு புரோகிராமை எழுத்தெழுத்தா பாத்துட்டேன் மேடம். ஒரு புள்ளி மாறல. யாரும் தொடவே இல்ல."

"தொடாமலே பூட்டுச்சா?"

"பேய்னு சொல்ல வெக்கமா இருக்கு. வேற வார்த்தையும் கிடைக்கல."

"பேய்க்கு எதுக்கு ஏசி?" என்றான் சின்னவன்.

அண்ணி யோசித்தாள். "எனக்குப் புரோகிராம் தெரியாது. ஒண்ணும் தெரியாதவங்களுக்குச் சொல்லித் தர்ற ஆள் யாராவது இங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. புதுசா சேர்ந்தவங்களுக்கு டீச்சர் கிளாஸ் எடுத்துட்டு இருக்காங்க. டிசைன் பேட்டர்ன் பாடம்."

"அப்படின்னா?"

"ஒரே மாதிரி சிக்கல் திரும்பத் திரும்ப வரும்ல மேடம். அதுக்கு முன்னாடியே யோசிச்சு வெச்ச வழி. தையக்காரர் சட்டைக்கு ஒரு அளவு அட்டை வெட்டி வெச்சிருப்பார் பாருங்க, அந்த மாதிரி."

வகுப்பறையில் இருபதுக்குக் குறையாத புதுமுகங்கள். டீச்சர் மெலிந்த உடம்பு, சீராகப் பின்னிய தலை, பேச்சில் ஒரு சொல் கூடுதலாக இல்லை. துப்பறிகிறவர்கள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கம்ப்யூட்டருக்குப் புரியற பாஷை அப்புறம். முதல்ல நாம பேசற வார்த்தையிலயே எழுதுவோம்" என்று சொல்லித் தட்டினாள். திரையில் எழுத்துகள் வந்தன.

வகுப்பு மணி:
  காதுகள் = காலி
  சேர்(காது): காதுகளில் இதையும் போடு
  அடி(): ஒவ்வொரு காதிடமும் "அடித்தாயிற்று" என்று சொல்

மணி.சேர்(விளக்கு)
மணி.சேர்(கதவு)
மணி.சேர்(குளிர்)
மணி.அடி()

"இதுக்குப் பேரு அப்சர்வர். மணி அடிச்சா விளக்கு கேக்கும், கதவு கேக்கும், குளிர் கேக்கும். கேட்டவுடனே அதது அதது வேலையைச் செய்யும்."

அண்ணி கையைத் தூக்கினாள். "யார் யார் கேக்கறாங்கன்னு மணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டியதில்ல. அதுதான் இதோட அழகு. புதுசா ஒரு காதைச் சேர்க்கணும்னா மணியையும் தொட வேண்டாம், கதவையும் தொட வேண்டாம். வெளியிலேருந்து ஒரு வரி போதும்."

"வேலை முடிஞ்சதும்?"

"தானே விலகிக்கற மாதிரியும் எழுதலாம். அப்புறம் தேடினா கிடைக்காது."

சின்னவன் பக்கத்திலிருந்த பெண்ணிடம் குனிந்தான். "எங்க வீட்ல அண்ணி கூப்பிட்டா எல்லாக் காதுக்கும் கேக்கும், அண்ணன் காதைத் தவிர. அதுக்கு என்ன பேட்டர்ன்?" அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சின்னவன் விடவில்லை. "இந்த உதாரணம் இன்னைக்கா ஆரம்பிச்சாங்க?"

"இல்ல சார். தினம் ஒரு வரி சேர்ப்பாங்க. திங்கக்கிழமை விளக்கு. நேத்து கதவு. இன்னைக்குக் காலையில குளிர்."

சின்னவன் முகத்திலிருந்த சிரிப்பு வழிந்து போயிற்று. அண்ணியின் முழங்கையைத் தொட்டான். அவள் காதிலும் விழுந்திருந்தது.

முன்னால் டீச்சர் இன்னொரு வரி எழுதிக்கொண்டிருந்தாள்.

மணி.நீக்கு(சைரன்)

"சேர்க்கற மாதிரியே நீக்கவும் செய்யலாம். ஆனா நம்ம மென்பொருள்ல மணி அடிச்சா வெளிய கத்தற சைரனை மட்டும் சும்மா நீக்க விடாது. தலைமை அட்டை கேக்கும். அந்த அட்டைக்குத்தான் சிங்கிள்டன்னு இன்னொரு பேட்டர்ன். எத்தனை பேர் எத்தனை இடத்துலேருந்து கேட்டாலும் அதே ஒண்ணுதான் வந்து நிக்கும். ரெண்டாவது பிறக்கவே பிறக்காது."

ஒரு பையன் கேட்டான்: "அபாயச் சத்தத்தைப் போய் எதுக்கு மேடம் நீக்கணும்?"

டீச்சரின் விரல் கீபோர்டு மேல் நின்றது. "வந்தவங்களுக்குத் தொந்தரவா இருந்தா நீக்குவாங்க" என்றாள். "அப்புறம் திரும்பச் சேர்க்க மறந்துடுவாங்க." பிறகு வகுப்பை முடித்துவிட்டாள்.

படியிறங்கும்போது சின்னவனுக்கு வாய் நிற்கவில்லை. "அண்ணி, வகுப்புல ஒரு வரி, மாடியில ஒரு பூட்டு. முதலாளி அட்டையைத் தேய்க்கறதுதான் மணி. எவனோ ஒரு நல்ல பையன் வீட்டுப்பாடத்தை முதலாளி மேல செஞ்சு பாக்கறான்."

"படிக்கற பையன் செஞ்சா எங்கயாவது தப்பு விடுவான். மூணு தடவையும் ஒரு பிசிறு இல்ல. அதுவும் இல்லாம, பசங்களுக்குச் சொல்லித் தர்றவங்க பூ, பழம், பந்துன்னு உதாரணம் சொல்லுவாங்க. இந்தப் பொண்ணு ஏன் இருட்டு, பூட்டு, குளிர்னு சொல்லுது?"

"கிளாஸ் ரூம்ல ஏசி அதிகமோ?"

"அந்தக் குளிர் அறையைப் பாப்போம், வா."

குளிர் அறை தரைத்தளத்தின் கடைசியில் இருந்தது. மருந்து வைக்கும் அறை போலவே கட்டி, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தார்கள். இரும்புக் கதவு. உள்ளே ஒரு சிவப்பு மணிப் பொத்தான். கதவின் உட்பக்கம் நீளமான கைப்பிடி, புத்தம்புதிதாகப் பளபளத்தது. அண்ணி அதைச் சுண்டுவிரலால் தள்ளினாள். கதவு வழுக்கித் திறந்தது.

"இது மட்டும் ஏன் புதுசு?" என்று மீசையைக் கேட்டாள்.

மீசை தரையைப் பார்த்தார். "பழசு சிக்கிக்கும் மேடம். அதுல ஒருத்தன் போயிட்டான். டெக்னீஷியன். உள்ள ஒயர் மாத்தப் போனவன். கதவு சிக்கிக்கிச்சு. மணியைத் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கான். வெளியில சைரன் கத்தல. அன்னைக்கு மாடியில வாங்க வந்தவங்களுக்கு விருந்து. யாரும் இந்தப் பக்கம் வரல."

"சைரன் ஏன் கத்தல?"

"அவனே சைரனை நீக்கிட்டு உள்ள போயிருக்கான், குடிச்சிருந்ததால மறந்துட்டான்னு... முதலாளி விசாரணையில சொன்னார்."

"சைரனை நீக்கத் தலைமை அட்டை வேணுமாமே. இப்பத்தான் பாடம் கேட்டுட்டு வர்றேன்."

மீசை புதுக் கைப்பிடியைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்த அட்டை முதலாளி தலையணையை விட்டு வெளிய வந்ததே இல்லையாம். அவரே சொன்னார். பெருமையா சொன்னார்."

"நான் பிள்ளைகுட்டிக்காரன் மேடம்" என்றார் மீசை. திரும்பிப் போய்விட்டார்.

சின்னவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அறையின் குளிர் மட்டும் காரணமில்லை. "அண்ணி, நம்மளைக் கூப்பிட்டவனே..."

"ஆமா. திருடனைப் பிடிக்கச் சொன்ன வீட்லயே திருட்டுப் பொருள். இப்ப அந்தப் பொண்ணுக்கு அந்த டெக்னீஷியன் என்ன வேணும்னு கேக்கணும்."

வகுப்பறை காலியாக இருந்தது. டீச்சர் மட்டும் திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சின்னவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"உங்க கூடப் பிறந்தவரா?" என்றாள் அண்ணி.

டீச்சர் மறைக்கப் பார்க்கவில்லை. "தம்பி. எனக்கு அப்புறம் ஏழு வருஷம் கழிச்சுப் பிறந்தவன். நான் தூக்கி வளர்த்தவன். வாசனைக்குக்கூடக் குடிக்க மாட்டான். இருமல் மருந்து குடிச்சாலே மூஞ்சியைச் சுளிப்பான். அவனைப் போய்க் குடிகாரன்னு எழுதி முடிச்சாங்க. தூக்கிட்டுப் போக நாலு பேர் வரல. எங்கம்மா இப்பவும் வெளிய தலை காட்டறதில்ல."

"அதுக்காக இங்க வேலைக்குச் சேர்ந்தீங்க."

"புருஷன் வீட்டுப் பேர்ல சேர்ந்தேன். யாருக்கும் தெரியல. பாடம் நடத்த நடத்த மென்பொருள் முழுக்கக் கைக்கு வந்துடுச்சு. அவன் எப்படிச் செத்தான்னு பாடம் நடத்தித்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"சாயங்காலம் என்ன திட்டம்?"

"கதவு." அவள் குரல் தணிந்தது. "முதலாளி உள்ள போவார். விளக்கு போகும், பூட்டு விழும், குளிர் ஏறும். சைரனை நீக்க என்கிட்ட அட்டை இல்ல. கத்தட்டும். எல்லாரும் ஓடி வந்து வெளிய நிப்பாங்க. கதவு திறக்காது. அட்டை தேய்க்கற இடம் எந்தக் கதவுக்கும் வெளியிலதான், தலைமை அட்டையோ உள்ள அவர் பையில. என் தம்பி தனியாப் போனான். இவர் இத்தனை பேரை வெச்சுக்கிட்டுப் போகட்டும்."

சின்னவனுக்கு ஒரு ஜோக் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டான். அந்தப் பெண்ணின் கண்ணில் ஈரமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"செத்துடுவான்" என்றாள் அண்ணி.

"சாகட்டும்."

"சாகட்டும்தான். அப்புறம்? பாவம் நல்ல மனுஷன்னு நாலு பேர் அழுவாங்க. நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. உங்க தம்பி குடிகாரனாவே இருப்பான். உண்மையைச் சொல்ல வேண்டிய வாய் முதலாளியோடது. அதை நீங்களே மூடிடுவீங்க."

டீச்சர் முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"உங்க வரிகளை எல்லாம் எடுத்துடுங்க. பூட்டு வேண்டாம். குளிர் வேண்டாம். விளக்கு மட்டும் இருக்கட்டும்." அண்ணி பையிலிருந்து கறுப்பு அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுல சைரனை நீக்குங்க."

"அண்ணி" என்றான் சின்னவன். "அது நம்ம கட்சிக்காரர் நம்பிக் குடுத்தது."

"எந்தக் கதவையும் திறக்கலாம்னுதானே குடுத்தார். ஒரு வாயைத் திறக்கப் போறேன்." அவள் டீச்சரைப் பார்த்தாள். "கதவுக்கு வெளிய நான் நிப்பேன். மூச்சு முட்டற மாதிரி தெரிஞ்சா நானே திறந்துடுவேன். அப்புறம், இந்த வாரம் நீங்க செஞ்ச மூணையும் போலீஸ்ல நான் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க" என்றாள் டீச்சர். அட்டையை எடுத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள்.

சாயங்காலம் மாடி ஹாலில் வாங்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவி சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி. பெரிய திரையில் குளிர் அறை தெரிந்தது. உள்ளே பேசுவது ஹாலில் கேட்க ஒலிபெருக்கியும், முதலாளி சட்டையில் மைக்கும். எல்லாம் அவர் போட்ட ஏற்பாடுதான்.

அண்ணியும் டீச்சரும் கீழே இரும்புக் கதவருகே. சின்னவன் ஹாலில், மீசைக்குப் பக்கத்தில். அண்ணியின் உத்தரவு ஒன்றுதான்: மீசையை எழுந்திருக்க விடாதே.

முதலாளி திரையில் கையசைத்தார். "ஒரு மனுஷன் உள்ள மாட்டிக்கிட்டா எங்க மென்பொருள் என்ன செய்யுதுன்னு இப்பப் பாருங்க" என்றார். கதவு சாத்திக்கொண்டது. மணிப் பொத்தானை அழுத்தினார்.

விளக்கு அணைந்தது. திரை கறுத்தது.

சைரன் கத்தவில்லை.

ஒலிபெருக்கியில் ஒரு சிரிப்பு கேட்டது. பாதியில் அறுந்தது. பொத்தானை அழுத்தும் சத்தம். மறுபடி. மறுபடி.

"மீசை, என்னய்யா இது?" பிறகு குரல் ஏறியது. "லைட்டைப் போடு. சைரன் எங்க? டேய், கேக்குதா?"

மீசை எழப் பார்த்தார். சின்னவன் அவர் தோளில் கை போட்டு அழுத்தினான். "உட்காருங்க சார். நீங்க இல்லாமயே நல்லாப் பேசறார்."

"பூட்டிட்டான்... பூட்டிட்டான்டா. குளிருதுடா." இரும்பில் கையால் அறையும் சத்தம் ஹாலை நிறைத்தது. காலையில் பட்டது உடம்பில் இருந்ததால், இல்லாத பூட்டும் ஏறாத குளிரும் அவரைப் பிடித்துக்கொண்டன. "யார்டா சைரனை எடுத்தது? அன்னைக்கு எடுத்தது நான். விருந்தாளிக்குச் சத்தம் ஆகாதுன்னு நான் எடுத்தேன். அவன் உள்ள இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னைக்கு எவன்டா எடுத்தான்? சேருங்கடா, சைரனைச் சேருங்கடா..."

மீசை முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சாம்பல் கோட்டுப் பெண்மணி மெதுவாகக் கேட்டாள், "யார் உள்ள இருந்தது?"

"சொல்லுங்க சார்" என்றான் சின்னவன் மீசையிடம். "இப்பவாவது சொல்லுங்க."

மீசை சொன்னார். உடைந்து உடைந்து, ஆனால் முழுக்கச் சொன்னார்.

சின்னவன் கீழே ஓடி வந்தபோது டீச்சர் கதவு முன் நின்றிருந்தாள். உள்ளே அறையும் சத்தம் தேய்ந்து தேம்பலாகியிருந்தது. அண்ணி தலையசைத்தாள். டீச்சர் கதவைத் திறந்தாள். பூட்டு இல்லை, சாவி இல்லை, ஒரு இழுப்பு.

முதலாளி சுவரோடு சுவராகக் குந்தியிருந்தார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

"பூட்டவே இல்ல" என்றாள் டீச்சர். "கைப்பிடியைத் தள்ளியிருந்தா வந்திருக்கலாம். என் தம்பிக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல."

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அண்ணியைப் பார்த்துக் கத்தினார். "இவதான். இவளைப் பிடிங்க. உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்?"

"பிடிச்சாச்சு சார். இவங்க பேரையும் போலீஸ்ல சொல்லியாச்சு, கிளம்பி வந்துட்டு இருக்காங்க" என்றாள் அண்ணி. "உங்க மைக் இன்னும் ஆன்ல இருக்கு. மேல எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க."

முதலாளியின் கை சட்டையிலிருந்த மைக்கைத் தேடியது. பிடுங்கி எறிந்தார். அதுவும் மாடியில் இடி மாதிரி கேட்டிருக்கும்.

டீச்சர் அவரை அதற்குமேல் பார்க்கவில்லை. நடைபாதை ஜன்னலோரம் போய் நின்று போனை எடுத்தாள். எதிர்முனையில் உரக்கப் பேசும் கிழவி போலும். சின்னவனுக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"அம்மா, தம்பி குடிக்கலம்மா. சைரனை எடுத்தது அவன் இல்ல."

"அது எனக்குத் தெரியாதாடி? ஊருக்குச் சொல்லு."

"சொல்ல வெச்சுட்டேன்மா" என்றாள் டீச்சர். "எடுத்தவன் வாயாலயே."

கிழவி கேட்டாள்:

"அழுதானா?"

"அழுதான்."

"சரி" என்றாள் அம்மா. "நீ சாப்டியா?"